எதிர்க்கட்சி எடுக்கும் கல்

பழைய பேப்பர் கடைக்கு எலக்ட்ரானிக் தராசு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. பழைய இரும்புத் தராசை மட்டும் அப்பா விற்கவில்லை. உத்தரத்துக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். வீட்டில் எது முடிவாக வேண்டுமென்றாலும் அதுதான் கோர்ட்டு.

சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, காரணம் சொல்கிறவர் கல்லைத் தொடக்கூடாது; அந்தக் காரணம் எத்தனை கனம் பெறும் என்று எதிர்க்கட்சிதான் கல் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு, யாருடைய விஷயமோ அவர் வாயைத் திறக்கக்கூடாது. டிவி வாங்கியது அப்படித்தான். பெரியவள் கல்லூரிக்குப் போனதும் அப்படித்தான், வெறும் நூறு கிராம் வித்தியாசத்தில். குடும்பத்தின் முதல் பட்டதாரி நூறு கிராமில் தப்பிப் பிழைத்தவள் என்ற கடுப்பு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

இன்று சின்னவளின் வழக்கு. எட்டு மணி நேரத் தூரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது; ஹாஸ்டலில் தங்க வேண்டும். இல்லையென்றால் அக்கா படித்த அதே கல்லூரி, போக வர நாலு மணி நேரம் பஸ். ஹாஸ்டல் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டு நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மணி இரண்டரை. பெரியவள் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வாதாட வந்திருந்தாள். தட்டுகள் இரண்டும் தரையில் கிடந்தன; ஒன்று "போகட்டும்", மற்றது "இருக்கட்டும்". கடைசிக் கல் விழுந்த பிறகுதான் அம்மா கயிற்றை இழுப்பாள்.

"சொந்தக்காரங்க நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க," என்று அப்பா ஆரம்பித்தார்.

பெரியவள் ஐம்பது கிராம் கல்லை எடுத்து வைத்தாள்.

"என்னம்மா இது, கடுகாட்டம்?"

"இதுக்குச் சின்னதா நம்மகிட்ட கல்லு இல்லப்பா."

அம்மா சிரித்துவிட்டு, நடுவர் சிரிக்கக்கூடாது என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஹாஸ்டல் சோறு வாயில வைக்க விளங்காது. உடம்பு கெட்டுடும்."

அதில் நியாயம் இருந்தது. இருநூறு.

அடுத்து பெரியவள் முறை. "மூணு வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே போனேன், நின்னுக்கிட்டே வந்தேன். ஒரு கையில கம்பி, ஒரு கையில புக்கு. வீட்டுக்கு வந்தா பேப்பர் கட்டணும். நான் பாஸானதே பெரிய விஷயம். அதப் பெருமையா வேற சொல்லிக்கிறீங்க."

அப்பா அரைக்கிலோ வைத்தார்.

"அங்க நாள் முழுக்க லைப்ரரி தொறந்திருக்கும்."

"நம்ம கடையில இல்லாத புக்கா?"

"போன வருஷத்து கைடும் கிழிஞ்ச வாரப் பத்திரிகையும் லைப்ரரி ஆகாதுப்பா."

இன்னொரு அரைக்கிலோ.

"தனியா நின்னு பழகுவா."

"அதான் பயமே," என்று முணுமுணுத்தபடி நூறு வைத்தார். பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளும் போயிட்டா வீடு வெறிச்சுனு ஆயிடும்மா. நீ காலையில போனா பொழுது சாஞ்சுதான் வர்ற. கடையில எங்கூட வாயாடுறது அவ ஒருத்திதான்."

இதெல்லாம் ஒரு காரணமா? வீட்டை நிரப்பி வைக்கவா பெண்ணைப் பெற்றது? பெரியவளின் கை ஐம்பது கிராமைத் தேடித்தான் போனது. ஆனால் அந்தக் குரலில் நடிப்பு இல்லை. சட்டம் சட்டம்தான். தன்னையே திட்டிக்கொண்டு ஒரு கிலோவை எடுத்து வைத்தாள்.

அம்மா கயிற்றை இழுத்துக் கட்டினாள். "போகட்டும்" தட்டு கீழே இறங்கியது. அப்பா, "சரி, பேனாவக் குடு," என்று கையெழுத்துப் போட்டார். சின்னவள் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தபடியே காலை ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கொத்தனார் பழைய குழாய் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்று பார்க்க வேண்டும். "காந்தம் எங்கடி?" என்று அம்மா தேடினாள். "காலையில இங்கதான தரையில வச்சேன்?"

தேடக் குனிந்த பெரியவளின் கண்ணில்தான் பட்டது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய அந்த வட்டக் காந்தம், "போகட்டும்" தட்டின் அடியில் அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. முந்நூறு கிராமாவது தேறும்.

வேறு யாரும் பார்க்கவில்லை. படிவம் அவள் கையில். அதை அனுப்பும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளைக் "காந்தக்காரி மக" என்றுதான் கூப்பிட்டார்கள். தட்டுக்கடியில் காந்தம் ஒட்டி ஏமாற்றுகிற கூட்டமாம். அப்படிச் சொன்ன ஒருத்தியின் ஜடையைப் பிடித்து இழுத்து அவள் ஒரு நாள் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள்.

"தட்டுக்கடியில இருக்கும்மா," என்றாள்.

அம்மா காந்தத்தைப் பிடுங்கியதும் தட்டு எழும்பியது. "இருக்கட்டும்" இறங்கியது. அப்பா ஜெயித்த முகத்தோடு நிற்கவில்லை, தலையைச் சொறிந்தார். கொத்தனார் குழாயோடு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

"சரி, தோத்துட்டேன்," என்றாள் பெரியவள். "ஆனா ஒண்ணு. போகப்போறவ வாயக் கட்டி உக்கார வச்சுட்டு நாம ரெண்டு பேரும் என்னத்த நிறுக்குறோம்? அன்னைக்கு என்னையும் இப்படித்தான் உக்கார வச்சீங்க. எந்த ஊரு நியாயம் இது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கயிற்றைத் தளர்த்தித் தட்டுகளைத் தரையில் இறக்கினாள். "சொல்லுடி."

சின்னவள் தயாராகத்தான் இருந்தாள். "ஹாஸ்டல்ல குளிக்க, சாப்பிட வரிசையில நிக்கணும். இங்க இருந்தா பஸ்ல நிக்கணும். எப்படியும் நிக்கத்தான் போறேன். அங்க நின்னா மிச்ச நேரம் என்னோடது. பயமாத்தான் இருக்கு, ஆனா போறேன்."

அப்பாவின் கை கற்களின் மேல் போனது. நூறைத் தாண்டியது, இருநூறைத் தாண்டியது. இரண்டு கிலோ கல் வீட்டு வழக்கில் இதுவரை இறங்கியதே இல்லை. அதைத் தூக்கி "போகட்டும்" தட்டில் வைத்தார்.

"வாயாடி," என்றார். "தெனமும் போன்ல வந்து வாயாடணும்."

"நீங்க எடுத்தாத்தானே?"

கயிற்றை இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெரியவள் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். மணி மூன்றே கால். அம்மா காந்தத்தைக் குழாயில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

"பித்தளைதான்," என்றாள் கொத்தனாரிடம்.