வாயைத் தொறக்காம பாத்த படம்

எனக்கு வாய் ஓயாதுன்னு அப்ப ஸ்டுடியோவுல எல்லாருக்கும் தெரியும். தொழிலே அதானே. ஹாங்காங்ல அந்தக் காலத்து குங்ஃபூ படத்தையெல்லாம் சத்தமில்லாமத்தான் எடுப்பாங்க. நடிக்கிறவங்க வாயை அசைச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நாங்க நாலஞ்சு பேரு இருட்டு ரூம்ல நின்னு அத்தனை பேருக்கும் பேசுவோம். கதாநாயகியும் நான்தான், வில்லனோட ஆத்தாவும் நான்தான். ஒரு படத்துல கோழி கூட நான்தான்.

யூக்சிம்னு ஒரு பொண்ணு, ஷாவ்கெய்வான் கடற்கரைப் படகுக்காரங்க வீட்டுப் புள்ளை. அம்மாவைக் கொன்னவனைத் தேடிப் போய்ப் பழிவாங்குற கதையில கதாநாயகி. மொத பெரிய வேஷம் அவளுக்கு. அவளுக்கும் நான்தான் பேசினேன். படம் தியேட்டருக்கு வர்றதுக்குள்ள அவ போயிட்டா. அடுத்த படத்துல கூரையிலேர்ந்து குதிக்கணும். கீழ காலி அட்டைப்பெட்டியா அடுக்கியிருந்தாங்க, அப்ப மெத்தைன்னா அதான். காலையில பெஞ்ச மழையில அடியில இருந்த பெட்டியெல்லாம் ஊறிப் போச்சு. மேல பாத்தா காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

படம் வந்த வாரம் அவங்கம்மா ஸ்டுடியோவுக்கு வந்துச்சு. கருவாடு காயப் போட்டுப் போட்டு வெடிச்ச கை. ரெண்டு கண்ணுலயும் புரை.

மேனேஜர் கோ அண்ணன்கிட்ட, "மூஞ்சி தெரியாட்டிப் போவுது தம்பி. இதுல நிறைய பேசுறேம்மா, வந்து கேளுன்னு சொல்லிட்டுப் போனா. அவ குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்"னுச்சு.

அவரு என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "ஃபாங், நீ கூட்டிட்டுப் போ."

"அண்ணே, குரலே என்னோடது."

"வேற பொம்பளை யாரு இருக்கா இங்க? நீ வாயைத் தொறக்காம இரு. ரெண்டு மணி நேரம் முடியுமா உன்னால?"

"கல்யாணத்தன்னிக்கே முடியல."

"இன்னிக்கு முடியணும். மக குரல்னு நெனச்சுக் கேட்டுட்டுப் போவட்டும், பாவம்."

மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். அந்தம்மா என்னென்னவோ கேட்டுச்சு, நான் கையை மட்டும் அமுக்கினேன். "ஊமையா நீ? நல்லது, தியேட்டருக்குத் துணைன்னா ஊமைதான் நல்லது"ன்னு உப்புப் போட்ட பிளம்ஸ் ரெண்டு எடுத்து என் உள்ளங்கையில வெச்சுச்சு.

யூக்சிம் மொத வசனம் பேசினா. அதாவது, நான் பேசினேன். அந்தம்மா நிமிந்து உக்காந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, "சளி புடிச்சிருந்திருக்கு அப்ப. சொல்லவே இல்ல பாரு, கழுதை"ன்னுச்சு.

அவ கோடாலிக்காரனை அடிச்சா, மூங்கில் மேல ஏறினா, கடைசியில அம்மாவைக் கொன்னவனையும் தீத்துக்கட்டினா. ஜனம் கை தட்டுது. அந்தம்மா மட்டும், "இவளுக்கு அடிக்கிறதுக்கு ஒரு ஆளாவது இருந்தான். நான் யாரைப் போய் அடிக்க? மழையையா?"ன்னுச்சு. பக்கத்துல ஊமை உக்காந்திருக்கேனில்ல, என்கிட்ட பேசுறதும் தனக்குத்தானே பேசிக்கிறதும் ஒண்ணுதானே அதுக்கு.

கடைசிக் காட்சியில யூக்சிம், கதையில வர்ற அம்மாவோட சமாதி முன்னால மண்டி போட்டு, "அம்மா, வந்துட்டேன்"னா. அந்தம்மா இருட்டுல, "வந்துட்டியா, சோறு தின்னியா?"ன்னுச்சு. பின்னாடி ஒருத்தன் சிரிச்சான். நான் பிளம்ஸ் கொட்டையைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன்.

வெளிய வர்றப்போ வாசல்ல படி. நான் கூட்டத்துல ஒரு அடி பின்தங்கிட்டேன். அந்தம்மா காலை வெறும் வெளியில வெக்குது. "அம்மா, படி"ன்னு கத்திட்டேன்.

காலைப் பின்னால எடுத்துச்சு. அப்படியே நின்னு, என் சட்டைக் கையைத் தடவிப் புடிச்சுச்சு.

"நீதானா அது?"

"ஆமாம்மா."

"அவ பேசவே இல்லையா?"

"பேசினா. படம் எடுக்கிற எடத்துல அதைப் புடிச்சு வெக்க மெஷின் கெடையாதும்மா."

"அடிக்கிறப்போ கத்தினது?"

"அதுவும் நான்தான்."

"மூச்சு வாங்கினது?"

"நான்தாம்மா."

ஜனம் எங்களை இடிச்சிட்டுப் போகுது. "கால் சத்தமாவது?"ன்னுச்சு. அது வேற ஒருத்தர், மண்ணுத் தட்டுல செருப்பை வெச்சுத் தட்டுவாரு. அதையும் சொன்னேன். கேட்டதுக்குப் பொய் சொல்ல எனக்கு வரல.

அந்தம்மா என் வாயைத் தேடி விரலை வெச்சுச்சு. விரல்ல கருவாட்டு வாசனை.

"கோவமில்ல பொண்ணே. நல்லாத்தான் பேசினே. ஆனா இனிமே பேசாதே. உன் குரல் காதுல தங்கிடுச்சுன்னா அவ குரல் போயிடும். இப்பவே பாதி போயிடுச்சு."

ரெண்டு மாடி டிராம்ல மேல அதால ஏற முடியாது, கீழயே உக்காந்தோம். ஷாவ்கெய்வான் வர்ற வரைக்கும் அது முணுமுணுத்துக்கிட்டே வந்துச்சு. "இதுல நிறைய பேசுறேம்மா, வந்து கேளு." ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை கொஞ்சம் தூக்கி. சரியா வரலன்னு தலையை ஆட்டிட்டு மறுபடி மொதல்லேர்ந்து. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு, இருமல் வந்தாலும் முழுங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.