அத்திமரத்தைப் பார்த்தவர்கள்

லெபோசோ என் தங்கை நசியெகுவின் புருஷன். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே மயங்கிச் சரிந்தான். இதயத்தில் கோளாறு, இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். நாங்கள் இருவரும் ஜீப் ஓட்டும் சஃபாரி முகாமுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமென்று என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, இன்று மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான். "அவரக் கொஞ்சம் பாத்துக்கண்ணே," என்று காலையில் நசியெகு அழுதாள். பிடிவாதக்காரனைக் கட்டிக்கொண்டது அவள். காவல் காப்பது நான்.

ஆற்றுத் திருப்பத்தில் அவன் ஜீப் கண்ணிலிருந்து மறைந்தது. ரேடியோவில் கூப்பிட்டேன், பதில் இல்லை. வண்டியை விரட்டினேன். என் வண்டியிலிருந்த வெள்ளைக்கார அம்மாவோ, சிறுத்தை எங்கே, சிறுத்தை எங்கே என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

அத்திமரத்தடியில் அவன் ஜீப்பைக் கண்டதும்தான் மூச்சு வந்தது. சுற்றிலும் ஏழெட்டு வண்டிகள். இந்த மாரா காட்டில் ஒரு வண்டி மரத்தடியில் நின்றுவிட்டால் போதும், புழுதியைப் பார்த்தே மற்றவர்கள் வந்து மொய்த்துவிடுவோம். லெபோசோ ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தான். அவனுடைய விருந்தினர்கள் திறந்த கூரை வழியே எழுந்து நின்று பைனாகுலரும் கண்ணுமாக இருந்தார்கள். சிறுத்தைதான். கெட்டிக்காரப் பயல், வேலைக்குத் திரும்பிய முதல் நாளே பிடித்துவிட்டான் என்று எனக்குப் பொறாமைகூட வந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்து வண்டி கிப்குருயிடம் மெல்லக் கேட்டேன். "எந்தக் கிளைடா?"

"தெரியலண்ணே. உங்க மச்சான்தான் மொதல்ல பாத்தாரு. இடது பக்கம்னு பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறா?"

"பின்வண்டிக்காரரு."

பின்வண்டிக்காரன் உதட்டைப் பிதுக்கினான். "நீதானடா எங்கிட்ட சொன்ன?"

இடது கிளையைப் பார்த்தேன். இலை, நிழல், மறுபடி இலை. "வால் தெரியுது," என்றார் என் வெள்ளைக்கார அம்மா. எல்லாக் கேமராக்களும் படபடத்தன. எனக்கும் வால் மாதிரிதான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் கொடி. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் திரும்பவும் வால். இத்தனை வருடம் காட்டைப் பார்த்த கண்ணுக்கு இன்று என்ன கேடு வந்தது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கோ ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சிறுத்தை என்றால் முதல் வேலையாக எஞ்சினை அணைப்போம். தூக்கத்தில்கூட எங்கள் கை அதைச் செய்யும். எந்த மடையன் இவன் என்று எரிச்சலோடு திரும்பினேன். கிப்குருயி அணைத்திருந்தான். பின்வண்டிக்காரனும் அணைத்திருந்தான்.

ஓடிக்கொண்டிருந்தது லெபோசோவின் வண்டி.

கதவைத் திறந்து கீழே குதித்தேன். காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கினால் உரிமமே போய்விடும்.

"அண்ணே, ஏறுங்க, மேல சிறுத்த இருக்கு," என்று பல்லைக் கடித்தான் கிப்குருயி.

எந்தச் சிறுத்தை? நான் ஓடினேன்.

லெபோசோவின் விருந்தினர்கள் பைனாகுலரை இறக்கி என்னை முறைத்தார்கள். ஒருவர் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க, அது ஓடிடும். எங்க டிரைவரப் பாருங்க, வந்ததுலேருந்து எப்படி ஆடாம அசையாம உக்காந்திருக்காரு."