வெள்ளிக் கெண்டியும் வெள்ளைத் துண்டும்

நூறு வருஷத்துப் பழைய ஹோட்டல். தலைக்கு மேலே கண்ணாடி விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்க, பட்டு நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள் இஸ்திரிக் கடைக்காரி. எதிரே மாப்பிள்ளையின் அம்மா, பேங்க்கில் வேலை. மாப்பிள்ளை என்று சொல்வதுகூட இப்போதைக்கு ஆசைதான். இந்த அம்மாள் தலையாட்டினால்தான் கல்யாணம்.

"காரியத்தைக் கெடுத்துடாதம்மா," என்று மகள் காலையில் காலில் விழாத குறை. பெற்றவளும் தீர்மானத்தோடுதான் வந்திருந்தாள். முன்னேர் போன வழியே பின்னேர். அந்த அம்மாள் எதைச் செய்கிறாளோ அதையே செய்வது.

அந்த அம்மாளோ எதையும் செய்து தொலைக்கவில்லை. மூன்றடுக்குத் தட்டில் கேக்குகள் காத்துக் கிடந்தன.

"நீங்க எடுத்துக்கங்க மேடம்."

"இல்ல மேடம், நீங்க மொதல்ல."

இவள் மூக்கைச் சொறிந்தால் அவளும் சொறிந்தாள். பெரிய இடத்து மரியாதை போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மடியில் விரிக்க வைத்திருந்த வெள்ளைத் துண்டில் குறுக்கே ஒரு சுருக்கம். பார்த்த பிறகு கை சும்மா இருக்குமா? இருந்த படபடப்பில் அது தானாகவே டம்ளர் தண்ணீரைத் தொட்டுத் தெளித்தது. கொதிக்கக் கொதிக்க டீ வந்திருந்த வெள்ளிக் கெண்டியைத் தூக்கி, அதன் அடிப்பாகத்தால் துண்டின் மேல் ஒரே இழுப்பு. சுருக்கம் போயே போச்சு.

அப்புறம்தான் உறைத்தது. குடி முழுகியது! மகள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

எதிரே பேங்க் அம்மாள் வெகு சிரத்தையாகத் தன் துண்டில் தண்ணீர் தெளித்து, பால் குவளையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கையுறை போட்ட சர்வர் வாயைப் பிளந்து நின்றார்.

"அதுல சூடு இல்லீங்களே," என்று இவளுக்கு வாய் தவறிவிட்டது.

"அதானே பாத்தேன், எனக்கு மட்டும் சுருக்கம் போகலையேன்னு! நீங்க செஞ்சீங்க, சரி, இங்க இதான் முறை போலன்னு நானும்..."

"ஐயோ, நான் இஸ்திரிக் கடைங்க! பழக்க தோஷம்!"

"சொந்தத் தொழில் பண்றாங்கன்னுதான் பையன் சொன்னான். பெரிய முதலாளியம்மான்னு பயந்துபோய் இங்க வரச் சொன்னேன். நானே இன்னிக்குத்தான் உள்ள வர்றேன்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. அவளுக்குப் புரையேறியது, இவள் எழுந்து ஓடி உச்சந்தலையில் தட்டினாள். தட்டினவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வயிறு வலித்தது.

சிரித்து ஓய்ந்ததும் பயம் மறுபடி எட்டிப் பார்த்தது. எல்லாம் சரி, அந்த அம்மாள் இன்னும் சரி என்று சொல்லவில்லையே.

பேங்க் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேல்தட்டைக் காட்டினாள்.

"அந்தக் கேக்கை இப்படித் தள்ளுங்க, சம்பந்தி."