பதில் இல்லை என்று சொன்ன பக்கம்

நான் செய்யும் பக்கம் கண் சிமிட்டுவதற்குள் திறக்கும். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. திறந்த பிறகும் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் வெப்சைட்டைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சலவைக் கடை மாடியில் எங்கள் அலுவலகம், இரண்டு அறைகள். ஒன்றில் நான், இன்னொன்றில் மந்திரி. அது நான் வைத்த பெயர். எதைச் சொன்னாலும் "சரி, ஆனா ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பான். கீழே துணி பிழியும் இயந்திரம் வேகமெடுத்தால் மேலே எங்கள் மேசை நடுங்கும், டீ கோப்பை தானாக நகர்ந்து விளிம்புக்குப் போகும். அந்த நடுக்கத்தில் உட்கார்ந்துதான் பஸ் டிரைவர்களின் வலைக்குப் புதுப் பக்கம் கட்டினோம்.

அந்த வலைக்கு முதலாளி கிடையாது. ஒவ்வோர் ஊர் டிரைவர் சங்கமும் தன் அலுவலகத்தில் சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருக்கிறது. ஒரு டிரைவர் எழுதுவது அவருடைய ஊர் சர்வரிலேயே இருக்கும். படிக்க வேண்டுமென்றால் பக்கம்தான் ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டி, கேட்டு வாங்கி, வரிசையாக அடுக்கிக் காட்ட வேண்டும். எந்தப் பணக்காரனும் மொத்தமாக விலைக்கு வாங்கி இழுத்து மூட முடியாத ஏற்பாடு. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்காதது அவர்களுடைய பழைய பக்கம். அது போனில் திறக்காது, கம்ப்யூட்டரில் திறப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

"சரி, ஆனா ஒரு சந்தேகம்," என்றான் மந்திரி, வேலை தொடங்கிய புதிதில். "சில ஊர்ல சர்வர் அரதப் பழசு. நாம கேட்டா, முழிச்சு எழுந்து பதில் சொல்லவே நேரமாகும். அத என்ன பண்றது?"

"விட்டுடு. தட்டு, திறக்கலைனா அடுத்த வீட்டுக்குப் போ. ஒரு கிழட்டு மெஷினுக்காக ஊரே காத்துக் கிடக்கணுமா?"

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

பக்கம் தயாரானதும் அதை முதலில் போனில் திறந்தவள் என் அக்கா. அவள் பஸ் டிரைவர். நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சமையலறை மேசையில் தண்ணீர் ஜாடிமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, சாப்பிட்டபடியே படிப்பாள். "நல்லா பறக்குதுடீ," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வலையில் யாரும் யாரையும் பார்த்து "உன்னால் முடியாது" என்று எழுத மாட்டார்கள். அப்படித் தோன்றினால் பேசாமல் இருந்துவிடுவார்கள், கேட்டவரும் புரிந்துகொள்வார். முடியும் என்று நினைத்தாலும் பாராட்ட மாட்டார்கள். உடனே ஒரு யோசனை சொல்வார்கள், அவ்வளவுதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "வாடகை வீட்டுல மேல்மாடி வேணாம்" என்று பதில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அக்காவின் டிப்போவுக்கு அந்த மாதம் ஓர் இரட்டை பஸ் வருவதாக இருந்தது. நடுவில் துருத்தி போல மடிந்து நிமிரும் நீள வண்டி. ஓட்ட விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு அந்த வண்டிமேல் கொள்ளை ஆசை. போன வருடப் பயிற்சி முகாமில் ஒரு தடவை அதை மைதானத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவள், ஒரு வாரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கூடவே பயமும் இருந்தது. எங்கள் ஊர் டிரைவர்கள் நேரிலேயே "எடு, எடு" என்றார்கள், ஆனால் அவர்களில் ஒருவர்கூட அந்த வண்டியைத் தொட்டதில்லை. தொட்டவர்கள் எல்லாம் தூரத்து ஊர்களில் இருந்தார்கள். முகாமில் அக்கா ஓட்டியதைப் பார்த்தவர்களும் அவர்கள்தான்.

அதனால் செவ்வாய்க்கிழமை வலையில் எழுதினாள். "துருத்தி வண்டி எங்க டிப்போவுக்கு வருது. என் ஓட்டத்த முகாம்ல பாத்திருக்கீங்க. நான் எடுக்கலாமா?"

புதன்கிழமை அதற்குக் கீழே "பதில் இல்லை" என்று இருந்தது. வியாழக்கிழமையும் அதேதான். அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பதில் வந்தாச்சு," என்றாள். "நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சதும் எனக்கு வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"அவங்க என்ன பெரிய இவங்களா? நீ பேரக் கொடு."

"அவங்களுக்குத்தான்டீ தெரியும். உனக்கு என்ன தெரியும்?"

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். என் போனில் அந்த வலையைத் திறந்து நானும் உள்ளே போனேன். "வருஷக்கணக்கா உங்க சந்தேகத்துக்கெல்லாம் பதில் சொன்னவ எங்க அக்கா. அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா எல்லாருக்கும் வாய்க்குப் பூட்டா? வெட்கமா இல்ல?" என்று எழுதிப் போட்டேன். அதற்கும் பதில் இல்லை. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

வெள்ளிக்கிழமை காலை மந்திரி சிரித்துக்கொண்டே வந்தான்.

"உன்னக் கிழி கிழினு கிழிச்சிருக்காங்களே, படிச்சியா?"

"யாரு? எனக்கு ஒண்ணும் வரல. 'பதில் இல்லை'ன்னுதான் இருக்கு."

"சரி, ஆனா ஒரு சந்தேகம்," என்று சொல்லித் தன் லேப்டாப்பைத் திருப்பினான். அவன் இன்னும் பழைய பக்கத்தையே வைத்திருந்தான். புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அது ஆடி அசைந்து திறந்தது. என் வசவுக்குக் கீழே முதல் வரி இதுதான்: "தங்கச்சி, முதல்ல கண்ணத் திறந்து படி. அப்புறம் வாயத் திற."

பக்கத்தை நகர்த்தி மேலே இருந்த அக்காவின் கேள்விக்குப் போனேன். அதன் கீழே பதில்கள் நீண்டுகொண்டே போயின. வளைவுல அகலமா எடு, பின்பாதி தானா வரும். மழையில நடுவுல துள்ளும், பிரேக்க மெல்லப் புடி. பின் கதவு நடைபாதைக்கு நேரா நிக்குதான்னு கண்ணாடியில பாத்துக்க. அத்தனையும் யோசனை. செவ்வாய் இரவே எழுதியிருந்தார்கள்.

அந்த வண்டி முதன்முதலில் வந்த பெரிய ஊர்களில்தான் சங்கத்து சர்வரும் முதன்முதலில் வந்திருக்கிறது. எல்லாம் கிழட்டு மெஷின்கள். என் பக்கம் போய்த் தட்டியது, அவை எழுந்து வருவதற்குள் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்ததோடு நிற்காமல், ஆளே இல்லை என்று அக்காவிடம் சொல்லியும்விட்டது. என் அக்காவைப் பார்த்து "உன்னால் முடியாது" என்று சொன்னது நான்தான்.

போன் செய்ய வழியில்லை. வண்டியில் ஏறினால் அவள் போன் டிப்போ அலமாரியில் கிடக்கும்.

"இந்த லேப்டாப்பத் தூக்கிட்டுப் போய்க் காட்டிடேன்," என்றான் மந்திரி.

"மாட்டேன். பொய் சொன்னது என் பக்கம். உண்மையையும் அதுதான் சொல்லணும். இந்த நிமிஷம் இன்னும் எத்தன பேர் அதப் பாத்து ஏமாந்துக்கிட்டு இருக்காங்களோ."

உட்கார்ந்தேன். எனக்கு என் கைமேல் நம்பிக்கை உண்டு. கோபத்தில் அது இன்னும் நன்றாக ஓடும். பக்கம் பொறுமையாகக் காத்திருக்கும்படி மாற்றினேன். வந்தது வந்தவுடன் தெரியட்டும், வராத ஊரின் கதவை மறுபடியும் மறுபடியும் தட்டட்டும். "பதில் இல்லை" என்ற வார்த்தைகளைத் தேடிப் பிடித்து அழித்தேன். அந்த இடத்தில், இன்னும் திறக்காத ஊர்களின் பெயர்கள் வரும்படி செய்தேன். மந்திரி தன் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து விட்டான். இந்தத் தடவை எல்லாவற்றையும் கேட்டேன். கீழே சலவைக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இயந்திரத்தை நிறுத்தியபோது வேலை முடிந்திருந்தது.

மாலையில் அக்காவின் பஸ் வரும் நிறுத்தத்தில் நின்று ஏறினேன். முன் இருக்கையில் உட்கார்ந்தேன். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதியிருந்தது, பேசினால் அவளே இறக்கி விட்டுவிடுவாள். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு டிப்போ வாசலில் இருக்கும் கடைசி நிறுத்தம்வரை போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

எல்லாரும் இறங்கியதும் என் போனை நீட்டினேன்.

"வேணாம்டீ. சமாதானம் சொல்லத்தானே வந்தே?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீயே படி."

அவளுடைய கேள்வி தெரிந்தது. கீழே, "இந்த ஊர்களிலிருந்து இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்," என்ற வரியும் சில ஊர்களின் பெயர்களும். அக்கா அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பெயர் மறைந்தது, நான்கு பதில்கள் விழுந்தன. அடுத்த பெயர் மறைந்தது. அவள் படிக்கப் படிக்க, மடியில் இருந்த வலது கை ஸ்டியரிங்கைத் திருப்புவது போல அகலமாக ஒரு வளைவு போட்டது. அது அவளுக்கே தெரியாது.

"எப்ப எழுதினாங்க?"

"நீ கேட்ட அன்னைக்கே. என் பக்கந்தான் காத்திருந்து வாங்காம ஓடி வந்துடுச்சு. தப்பு என்னோடது அக்கா."

"ரெண்டு ராத்திரி தூங்கலடீ நான்," என்றாள். "இத்தன வருஷம் கூட இருந்தவங்க ஒருத்தர்கூட என்ன நம்பலையேன்னு."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, டிப்போ அலுவலகத்துக்குள் போனாள். கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். மேலாளரின் மேசைமுன் அவள் உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள். அவர் பேனாவை எடுத்தார்.

"கொடுத்துட்டேன்," என்றாள் வெளியே வந்து. "இப்ப நீ அவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேளு. என் முன்னாடியே எழுது."

அங்கேயே நின்று எழுதினேன். வேகம்தான் பெரிது என்று நினைத்து நான் செய்த பக்கம் பாதி ஊரின் பதிலைக் கேட்காமலே வந்துவிட்டது, அக்கா மனசு உடைந்துபோனாள், அதற்கு உங்களைத் திட்டினேன், மன்னித்துவிடுங்கள் என்று. கீழே ஊர்ப் பெயர்கள் வரிசையாக நின்றன. இந்த வலையில் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் செய்த பக்கத்தின் முன்னால் நானே வாயில் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

ஒரு பெயர் மறைந்தது. ஒரே ஒரு வரி வந்தது.

"எழுத்து கொஞ்சம் பெருசா வை தங்கச்சி, கண்ணாடி போடாம படிக்க முடியல."