நடுப்பாலம்

மேற்கு மாவட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக யாரும் சாகவில்லை. ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் கிழக்கு மாவட்டம். அங்கே ஆயிரத்துக்குப் பதினேழு பேர் வருடா வருடம் போய்ச் சேர்ந்தார்கள். மேற்குக்குப் பாராட்டுப் பத்திரங்களும் புது ஆஸ்பத்திரியும் கிடைத்தன. கிழக்கிலிருந்து டாக்டர்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். கிழக்கின் இறப்புப் பதிவேட்டை எழுதியவள் தங்கை. மேற்கின் சுகாதார அதிகாரி அவளுடைய அண்ணன். "உங்க பக்கம் யாரும் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறதே இல்ல" என்று பார்க்கும்போதெல்லாம் அவர் குறைப்பட்டுக்கொள்வார். அவளும் கூனிக்குறுகிப்போய், லீவு நாளில் தெருத்தெருவாக ஏறி இறங்கி, வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தாள். எண்ணிக்கை குறையவில்லை.

அம்மா அண்ணனோடு இருந்தாள். மூன்று வாரமாகக் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரில் கொண்டுவந்து இறக்கினார். "உன்கூட ரெண்டு நாள் இருக்கணும்னு ஆசைப்படறாங்க" என்றார், இன்ஜினை அணைக்கவில்லை. கூடத்து நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் அம்மா இறந்துவிட்டாள். போனில் சொன்னபோது அண்ணன் அழவில்லை.

"பதிவை உங்க பக்கமே போட்டுடு" என்றார்.

அன்றுதான் அவள் பழைய பதிவேடுகளைப் புரட்டினாள். 'மேற்கிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில்' என்று தன் கையாலேயே நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தாள். ஒரு வேனைப் பிடித்து, அம்மாவை அண்ணன் வாசலிலேயே கொண்டுபோய்ப் போடுவதென்று கிளம்பினாள். பாதிப் பாலம் தாண்டியதும் அம்மா இருமினாள்.

"மேற்க வந்தா முழிச்சுக்குவாங்கம்மா. ஊருக்கே தெரியுமே" என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமல்.

"எங்கடி போறோம்?"

"அண்ணன்கிட்ட."

அம்மா ஆற்றைப் பார்த்தாள். "வரும்போது வழி பூரா வாட்சத்தான் பாத்துட்டு வந்தான். என் மூஞ்சியப் பாக்கல. வண்டியத் திருப்பச் சொல்லு."

"திருப்பினா..."

"தெரியும்டி. நீ கையப் பிடிச்சுக்க."

டிரைவர் வண்டியைத் திருப்பினார். நடுப்பாலத்தில் அம்மாவின் விரல்கள் தளர்ந்தன; வீடு வரும்வரை மகள் விடவில்லை.

மறுநாள், ஞாயிறு காலை ஒரு சாவு, மாலை ஒரு சாவு என்று அம்மாவை இரண்டு வரிகளில் பதிந்தாள். விலாசத்தில் அண்ணன் வீட்டுக் கதவு எண்ணை முழுதாக எழுதினாள். மாதக் கடைசியில் சரிபார்க்க வந்தவர், கிழக்கில் சிலர் இரண்டு முறை சாவதுண்டு என்று அறிந்தவராக, இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.