காலியாகாத பானை

8-7-2024, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். குடிக்கத் தண்ணீர் போதுமா என்று, ஆபீசைப் பார்க்க வந்த தொண்டு நிறுவன மேடம் கேட்டார்கள். யாரும் பேசவில்லை. நான் எழுந்து, "போதும் மேடம், எங்கள் பானை ஒருநாளும் காலியானதில்லை" என்றேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் தவறு.

இவ்வளவும் எழுதிவிட்டு நுஸைபா பேனாவை மூடினாள். பிறகு திறந்து, 'சிறு' என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதுகிறவர்களுக்கான மாலை வகுப்பில் தினம் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் மழை இல்லை, கரண்ட் இல்லை என்று நாலு வரியில் முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். நுஸைபாவுக்கு அது ஆகாது. தேதி, கிழமை, நடந்தது, அதில் தன் பிழை என்ன, நாளை என்ன செய்ய வேண்டும் என்று வரிசை குலையாமல் எழுதினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ், கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகிற வழியில் கரிசல் காட்டை ஒட்டி இருந்தது. பெட்டியில் குச்சி அடைக்கிற கொட்டகையில் முழுக்கப் பெண்கள். மூலையில் ஒரு மண்பானை, மூடிமேல் ஓர் எவர்சில்வர் டம்ளர். காலையில் நிரப்பினால் சாயங்காலமும் கழுத்துவரை நிற்கும். தண்ணீருக்குக் குறைவில்லாத இடம் என்றுதான் நுஸைபா நினைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் அதில் மொண்டு குடித்தவள்தான். பிறகு மற்றவர்களைப் போல அவளுக்கும் தாகம் எடுப்பது நின்றுபோனது. நின்றுவிட்டதாக அவளே நம்பிக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் சாவி. பெண்கள் கழிப்பறைக்கு எந்நேரமும் பூட்டு. சாவி சூப்பர்வைசர் காசிராஜன் மேசைமேல் கிடக்கும். தொலைந்துபோகக் கூடாதென்று அதை ஒரு முழ நீளப் பலகையோடு கட்டி, பலகையில் சிவப்புப் பெயிண்டால் 'பெண்கள்' என்று எழுதி வைத்திருந்தார். வேண்டியவள் எழுந்துபோய்க் கேட்க வேண்டும். "இப்பந்தான போன?" என்பார் அவர், அன்றைக்கு ஒரு தடவைகூடப் போகாதவளிடமும். அப்புறம் அந்தப் பலகையை ஏந்திக்கொண்டு, லாரியில் பண்டல் ஏற்றுகிற ஆண்களைக் கடந்து முற்றத்தைத் தாண்ட வேண்டும். லாரிமேலிருந்து ஏதாவது ஒரு குரல் வரும். முன்பு பின்பக்கம் ஒதுங்க மறைவாக உடைமரக் காடு இருந்தது. சித்திரையில் பிளாட் போடப் போவதாக ஜேசிபியை விட்டு வழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெண்களுக்கு அகப்பட்ட வழி ஒன்றுதான். தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

இதையெல்லாம் அவளுக்கு உறைக்கச் சொன்னவள் இசக்கிச்செல்வி. பக்கத்து இடத்தில் உட்கார்ந்து பெட்டி அடைப்பவள்; ஐந்து மாதக் கர்ப்பிணி. திங்கட்கிழமை மத்தியானம், தூக்குச்சட்டியைத் திறந்த கையோடு நுஸைபாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அந்த மேடம்ட்ட என்னத்தட்டி சொல்லி வச்ச?"

"பானை காலியாகலைன்னு. உள்ளதத்தான யக்கா சொன்னேன்?"

"குடிச்சால்லா காலியாவும். நீ கடைசியா என்னைக்குக் குடிச்ச, சொல்லு பாப்போம்."

நுஸைபா யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

"காசிராஜன் அண்ணாச்சி மொதலாளிட்ட போன்ல என்ன சொல்லுதாவ தெரியுமா? பிள்ளையளே ஒரு குறையும் இல்லைன்னுட்டு, மேடமும் எழுதிட்டுப் போயிட்டாவ, இனி எதுக்கு மாத்தணும்னு சொல்லுதாவ. உன் வாயில பிறந்த வார்த்தைதான் அது." இசக்கிச்செல்வி சோற்றைப் பிசைந்தபடி குரலைத் தணித்தாள். "எனக்கு ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்துட்டு. தண்ணி குடி, தண்ணி குடின்னு டாக்டரம்மா ஏசுதாவ. இன்னொரு தடவ வந்தா பிள்ளைக்கு ஆகாதாம். சனிக்கிழமையோட நின்னுக்கோன்னுட்டாவ வீட்ல."

"நிக்கப் போறீங்களா?"

"வேற என்ன செய்ய? இந்த வேலை இருக்கப் போயித்தாம்ட்டி அந்த வீட்டுல நான் வாயத் திறக்கேன். இதுவும் போச்சுன்னா ஆக்கிப்போட்டுட்டு மூலையில கிடக்க வேண்டியதுதான்."

அன்றைய பக்கத்தின் கடைசி வரியில் நுஸைபா எழுதினாள்: நாளை, சொன்னதைத் திருத்த வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்தாள். பானையருகே போய் ஒரு டம்ளர் மொண்டாள். தொண்டை பழக்கம் விட்டுப்போயிருந்தது, பாதியில் புரையேறியது. நின்று, மூச்சு வாங்கி, மீதியையும் குடித்தாள். இன்னொரு டம்ளர் மொண்டாள். கொட்டகையில் கைகள் வேலையை நிறுத்தவில்லை. கண்கள் எல்லாம் அவள்மேல் இருந்தன. அவள் நேரே காசிராஜன் மேசைக்கு நடந்தாள்.

"என்னட்டி?"

"சாவி வேணும் அண்ணாச்சி."

"இன்னும் நாலு பெட்டி அடைக்கல, அதுக்குள்ளயா? வீட்லயே எல்லாத்தையும் முடிச்சிட்டு வரத் தெரியாதா?"

வாசலில் நின்ற சுமை தூக்கிகள் சிரித்தார்கள். நுஸைபாவுக்குக் காது சுட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் கால் பின்வாங்கவும் செய்தது. வயிற்றில் இரண்டு டம்ளர் தண்ணீர் இருந்தது. அது திரும்பாது.

"முடிச்சிட்டுத்தான் வந்தேன். இப்பம் தண்ணி குடிச்சிருக்கேன்" என்றாள். மேசைமேல் கிடந்த பலகையை எடுத்து, சாவியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். பல கைகளின் வேர்வையும் அழுக்கும் ஏறி அந்த முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. நகம் ஏறவில்லை. அவள் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். எல்லோரும் பார்க்க, கயிற்று நாரைத் துப்பிவிட்டு இன்னொரு தடவை இழுத்தாள். முடிச்சு விட்டது.

"ஏட்டி, என்ன பண்ணுத நீ?"

"பலகைய நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எங்களுக்குச் சாவி மட்டும் போதும்."

கொட்டகைச் சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் சாவியைத் தொங்கவிட்டாள். காசிராஜன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எடுத்த எடத்துல வை. இல்ல, தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பு. நாளைக்கு இந்த வாசல மிதிக்கப்பிடாது."

நுஸைபா செல்போனை எடுத்தாள். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த மேடம் ப்ரியதர்ஷினி, சுவரில் ஒட்டிவிட்டுப் போன தாளில் நம்பர் இருந்தது. அதைக் காலையிலேயே பதிந்து வைத்திருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"மேடம், தீப்பெட்டி ஆபீஸ் நுஸைபா பேசுதேன். பானை காலியாகாதுன்னு நேத்து சொன்னேன்லா? அது பிழை. நாங்க குடிக்கதில்ல, அதான் காலியாகல. பாத்ரூம் சாவி அண்ணாச்சி மேசையில இருந்திச்சு, கேக்கக் கூசிக்கிட்டு யாரும் குடிக்கதில்ல. இப்பம் சாவிய எடுத்து நான் எங்க பக்கம் மாட்டிட்டேன். அதுக்கு என்னை வேலைய விட்டுப் போகச் சொல்லுதாவ. அவிய இங்கனதான் நிக்காவ. பேசுதீங்களா?"

போனை அவர் பக்கம் நீட்டினாள். காசிராஜன் வாங்கவில்லை. "ஹலோ, சார், இருக்கீங்களா? நாளைக்குக் காலைல நான் வர்றேன் சார்" என்று போன் பேசிக்கொண்டே இருந்தது. அவர் சுவரில் தொங்கிய சாவியைப் பார்த்தார், வாசலில் பாதி ஏற்றிய லாரியைப் பார்த்தார். அதற்குள் இசக்கிச்செல்வி வயிற்றைத் தாங்கி எழுந்து பானையை நோக்கி நடந்தாள்.

"எனக்கும் தூக்குச்சட்டி இருக்கு அண்ணாச்சி" என்றாள் போகிற போக்கில். "எடுக்கணும்னா சொல்லுங்க, சேந்தே போறோம். லோடு எப்படிப் போகுதுன்னு பாப்போம்."

அதன்பின் ஒருத்தி எழுந்தாள். இன்னொருத்தி. டம்ளர் கைமாறியது. "மொதலாளி நாளைக்கு வருவாவ, அவிய கேக்கட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு காசிராஜன் வெளியே போனார்.

பானையில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. கொட்டகை வாசலில் பாலம்மாள் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள். தினமும் விடிந்ததும் கழிப்பறையைக் கழுவிப் பூட்டிச் சாவியை மேசையில் வைப்பவள் அவள். அவளுக்கு மட்டும் அங்கே போக உத்தரவு கிடையாது. அது பெட்டி அடைக்கிறவர்களுக்கு என்று காசிராஜன் சொல்லியிருந்தார். வெயிலில் ஓடைக்கரை வரை நடந்து போய்வருவாள். தாய் வயதுக்காரியை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நுஸைபாவும் அப்படித்தான். அதில் பிழை என்று அவள் எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை.

"எனக்கும் உண்டுமா?" என்று கேட்டாள் பாலம்மாள்.

"உனக்கில்லாமலா? கையக் காட்டு பாலம்மா, ஊத்துதேன்" என்றாள் இசக்கிச்செல்வி.

"கையில குடிச்சது போதும் தாயீ. டம்ளரக் குடு."

"நல்ல கதைதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது. இசக்கிச்செல்வி டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

நுஸைபா அவர்களைப் பார்த்தாள். இப்போதுதான் ஒன்றாக எழுந்து நின்றவர்கள். இதில் முறிந்தால் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். நாளை பேசிக்கொள்ளலாமே? நேற்றும் அவளுக்கு எது எளிதோ அதைத்தான் சொன்னாள். அவள் இசக்கிச்செல்வியின் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். பானையைச் சாய்த்து மொண்டு நீட்டினாள்.

"குடிங்க, பாலம்மாக்கா."

பாலம்மாள் டம்ளரை உதட்டில் வைத்து, அவசரப்படாமல் குடித்தாள். அவள் திருப்பிக் கொடுத்ததில் மிச்சம் இருந்ததை நுஸைபா குடித்தாள்.

"என்னட்டி இப்படிப் பண்ணிட்ட?" என்றாள் இசக்கிச்செல்வி. குரலில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம்.

"சாவி எல்லாத்துக்கும்னா அங்கன கிடக்கட்டும் யக்கா. இல்லைன்னா சொல்லுங்க, நானே கொண்டுபோயி அந்தப் பலகையில கட்டிருதேன்."

யாரும் கட்டச் சொல்லவில்லை. யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை. இசக்கிச்செல்விக்கு அவசரம், ஆணியிலிருந்து சாவியை உருவிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். பலகை இல்லாமல் வீசிய கையோடு அவள் போவதை லாரிக்காரர்கள் பார்த்தார்கள். போனவள் கதவடியிலேயே நின்றுவிட்டாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. ஆனிக் காற்று கதவைத் தூக்கித் தூக்கி அடித்தது.

"நீ உள்ள போ தாயீ" என்று பாலம்மாள் வந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இசக்கிச்செல்வி ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்து பாலம்மாள் போனாள். நுஸைபா கதவைப் பிடித்தாள். இசக்கிச்செல்வி உதவிக்கு வரவில்லை, கொட்டகைக்குத் திரும்பவும் இல்லை. கொஞ்சம் தள்ளி, இடுப்பில் கைவைத்து நின்றாள். லாரிமேலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"என்ன, இன்னைக்கு காவலெல்லாம் பலமா இருக்கு?"

"ஏலே சுடலைக்கண்ணு" என்றாள் இசக்கிச்செல்வி, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "உங்க அம்மையும் எங்கயாவது இப்படித்தாம்ல அடக்கிக்கிட்டு நிப்பா. போயிக் கேட்டுட்டு வந்து சிரி. இப்பம் பண்டலத் தூக்கு."

சுடலைக்கண்ணு குனிந்து பண்டலைத் தூக்கினான்.

சாயங்காலம் நுஸைபாவும் இசக்கிச்செல்வியும் பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் தெரிந்ததும் இசக்கிச்செல்வி சேலையைச் சரிசெய்துகொண்டே ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"டம்ளர் விஷயம் எனக்கு இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

"சரி யக்கா."

"ஆனா இன்னைக்கு நான் ஆறு டம்ளர் குடிச்சேன். வயித்துக்குள்ள பிள்ளை நீச்சலடிக்கும்." சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சனிக்கிழமை நிக்கதப் பத்திப் பிறகு பாக்கலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும்லா? ஸ்க்ரூடிரைவர் எங்க வீட்டுல கிடக்கு."

"மொதலாளி வருவாவளாம் நாளைக்கு. என்னைப் போகச் சொன்னா?"

"சொல்லிப் பாக்கட்டும்" என்று இசக்கிச்செல்வி பஸ்ஸில் ஏறினாள்.

9-7-2024, செவ்வாய். திங்கட்கிழமை சொன்னதைத் திருத்தினேன். இன்றைய பிழை: பாலம்மாக்காவை இத்தனை நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, கதவில் தாழ்ப்பாள் இல்லாததை இன்றுதான் பார்த்தது. வேலை இருக்குமா என்று தெரியவில்லை. நாளை காலை பஜாரில் கடை திறந்ததும் ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் வாங்க வேண்டும். முதலாளி வருவதற்கு முன் மாட்டிவிட வேண்டும்.