நாலு கிலோ என்று சொன்ன பெட்டி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஃபேன் காற்று எல்லார் மேலும் படுகிற மாதிரி நெருங்கி உட்காருங்கள். நான் சொல்லப்போவது ஒரு போர்வையின் கதை. சிங்கப்பூர் வெயிலில் போர்வையா என்று சிரித்துவிடாதீர்கள். அப்படிச் சிரித்தவன் ஒருவன் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன். கேட்டு முடித்ததும் அவனைத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன்.

மிதுனன் என்று பெயர். சுவா சூ காங்கில் வீடு, வினுஷா என்று வாய்த்துடுக்கான ஒரு மனைவி, ஜாலான் புசாரில் சேவியரின் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை. அந்த அறைதான் அவன் பிழைப்பு. பழைய இரும்பு சைக்கிள்களை வாங்கி வருவான். சக்கரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் ஃபிரேமைத் தேய்த்து, துரு எடுத்து, பெயின்ட் அடித்துக் கல்யாணப்பெண் மாதிரி நிறுத்தி வைப்பான். உள்ளூரில் அதற்கு ஆள் குறைவு. மெல்பர்னில் ஒருவர், கோப்பன்ஹேகனில் ஒருவர் என்று, கிறுக்குப் பிடித்தவர்கள் எல்லாம் கடல் தாண்டித்தான் இருந்தார்கள்.

ஃபிரேமைப் புதுப்பிப்பது பாதி வேலைகூட இல்லையம்மா. அதை மலிவாக அனுப்புவதுதான் வேலை. கூரியர்காரன் எடையைப் பார்ப்பதில்லை, பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்கிறான். அதனால் மிதுனன் சைக்கிள் கடைகளில் தூக்கிப்போடுகிற அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்து, அறுத்து, சின்னதாக்கி ஒட்டுவான். முன்சக்கரம் மாட்டுகிற கவையைக் கழற்றி ஃபிரேமின் வயிற்றுக்குள்ளேயே படுக்கப் போடுவான். ஏர்கான் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நுரையை ஒவ்வொரு கம்பிக்கும் சட்டை மாதிரி மாட்டுவான். பின்சக்கரம் மாட்டுகிற இரண்டு காதுகளும் வழியில் நசுங்காமல் இருக்க நடுவில் ஒரு மரத்துண்டு. மூலைகளில் ஆரஞ்சு டேப். பிறகு உள்ளே எங்கே சந்து தெரிந்தாலும் பெடல், சீட் கம்பி என்று எதையாவது திணிப்பான். பெட்டி பெருக்காதவரை உள்ளே எவ்வளவு கனம் ஏறினாலும் கட்டணம் ஏறாதே! இந்தப் பழக்கத்தை மனதில் வையுங்கள். கதை இதில்தான் வழுக்கி விழப்போகிறது.

இந்தியாவுக்கு மட்டும் இந்த வித்தையெல்லாம் பலிக்கவில்லை. பெட்டியை எவ்வளவு ஒடுக்கினாலும் கூரியர் செலவு ஃபிரேமின் விலையைத் தாண்டியது. அதற்கு அவன் கண்டுபிடித்த வழி, ஊருக்குப் போகிற தெரிந்தவர்களின் லக்கேஜோடு சேர்த்து அனுப்பிவிடுவது. தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தார்கள், பூவம்மாவின் வாட்சாப் குழுவில்.

பூவம்மாவுக்கு ஃபேரர் பார்க்கில் ஒரு காப்பிக்கடைக்குள் சாப்பாட்டுக் கடை. தினமும் காலையில் குழுவில், "இன்னைக்கு வஞ்சிர மீன் குழம்பு, வேணுங்கிறவங்க பத்து மணிக்குள்ள சொல்லுங்க, அப்புறம் வந்து மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க" என்று குரல் அனுப்புவார். சுற்றுவட்டாரத்தில் வேலை செய்கிற பாதிப் பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள். மிதுனனும் அந்தக் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் மாதிரிதான்.

பூவம்மாவின் அக்கா மகளுக்குத் திருச்சியில் நிச்சயதார்த்தம் வந்தது. அக்காவுக்கு வெகுநாளாய் ஒரு ஆசை, அகலம் நிறையப் புலிப் படம் போட்ட தடித்த சிங்கப்பூர்ப் போர்வை. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கட்டில் மேல் விரித்து வைக்க வேண்டுமாம். பூவம்மா தேக்கா சந்தையில் தேடி வாங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து மிதுனன் போய் நின்றான்.

"பூவம்மாக்கா, ஒரு ஃபிரேம் இருக்கு. ஸ்ரீரங்கத்துல ஒரு சார், ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவார்."

"என்ன வெயிட்டு தம்பி?"

"நாலு கிலோக்கா."

"நாலுன்னா இடம் இருக்கு. அதுக்கு மேலன்னா போர்வைய விட்டுட்டுத்தான் போகணும், எங்கக்கா என்னை வாசப்படி ஏற விட மாட்டா. இன்னொன்னு, உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம நான் எதையும் தூக்க மாட்டேன். கோவிச்சுக்காத."

"வந்து பாருங்கக்கா. உங்ககிட்ட என்ன ஒளிவு லா."

பூவம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். நுரைச் சட்டையை விலக்கி, கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

"எலும்புக்கூடு மாதிரி இருக்கு. இதை வாங்கவா ஒரு மனுஷன் ஏர்போர்ட் வரைக்கும் வர்றார்? சரி, மூடு. நான் பார்த்துட்டேன்."

பார்த்துவிட்டேன் என்று சொல்லிப் படியிறங்கினார் பாருங்கள், அந்த வார்த்தையை மிதுனன் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டான்.

அவர் போன பிறகு ஸ்ரீரங்கத்துக்காரர் கேட்டார், இதற்குப் பொருத்தமான பழைய பெடலும் பல்சக்கரமும் இரும்பு ஹேண்டில்பாரும் கிடைக்குமா என்று. கிடைக்கும், அலமாரியிலேயே இருந்தது. பெட்டியில் சந்தும் இருந்தது. மிதுனனின் கை பழக்கத்தில் போய்த் திணித்துவிட்டு வந்தது. டேப் ஒட்டி முடித்து, கொக்கித் தராசில் பெட்டியை மாட்டித் தூக்கிப் பார்த்தான். சொன்ன எடைக்கு இரண்டு மடங்குக்கும் மேலே காட்டியது. தராசைக் கழற்றி, எண் தெரியாதபடி மேசையில் கவிழ்த்து வைத்தான்.

கவுண்டரில் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னால் பூவம்மா வேண்டாம் என்றுவிடுவார் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

பூவம்மா கிளம்பிப் போன அன்று மத்தியானம், மிதுனன் கீழே சேவியரோடு நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். போனில் எங்கிருந்தோ ஒரு வீடியோ வந்து விழுந்தது. விமான நிலையத்தில் யாரோ ஒரு அம்மா, தலையோடு சேர்த்துத் தடித்த போர்வையைப் போர்த்திக்கொண்டு, முதுகில் ஒரு பெரிய புலி வாயைப் பிளக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டு கவுண்டர் பக்கம் ஆடி ஆடிப் போகிறார். எடுத்தவன் பின்னாலிருந்து சிரிக்கிற சத்தம் வேறு.

"டேய் மிதுனா, குளிர்ஜுரமாடா அந்தம்மாவுக்கு?" என்று சேவியர் கேட்க, இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மிதுனன் அதை அப்படியே சாப்பாட்டுக் குழுவுக்குத் தட்டிவிட்டான். மேலே ஒரு வரியும் எழுதினான்: 'யாராவது புலிக்கு ஒரு ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுங்கப்பா.'

ஐஸ் கச்சாங் என்றால் பாகு ஊற்றிய ஐஸ் துருவல். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. குஷியில் அவன் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான். இந்தத் தடவை புலியை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தான். வண்டியில் நீட்டுவாக்கில் ஓர் அட்டைப்பெட்டி. மூலைகளில் ஆரஞ்சு டேப். அது சரிந்து விழாமல் இருக்க, போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அணைத்துப் பிடித்திருந்தது.

அந்தக் கைதானே தினமும் அவனுக்குச் சோறு போடுகிற கை!

"என்னடா, தேத்தண்ணி ஆறுது" என்றார் சேவியர். மிதுனனுக்குக் காதில் விழவில்லை. குழுவில் போட்டதை அவசர அவசரமாக அழித்தான். அழித்து என்ன? அதற்குள் யாரோ அதை எடுத்துத் திரும்பப் போட்டிருந்தார்கள். 'இந்த நடை நம்ம பூவம்மாக்கா நடை மாதிரி இல்ல?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். 'ஆமா லா, அக்காவேதான்!' என்று இன்னொருவர். சாயங்காலத்துக்குள் புலியக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள். குழுவில் பூவம்மாவும் இருக்கிறார், திருச்சியில் இறங்கிப் போனைத் திறந்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பார் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மிதுனனுக்கு மட்டும் அதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, போனில் பூவம்மாவின் குரல் செய்தி வந்தது. வினுஷாவும் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

"தம்பி, பொருளைப் பத்திரமா அந்த சார் கையில குடுத்துட்டேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. கவுண்டர்ல வெயிட்டு ஏறிப் போச்சு, போர்வையப் பெட்டியிலேருந்து எடுத்துப் போர்த்திக்கிட்டேன். நான்தான் வீட்டுத் தராசுல என் பெட்டியத் தப்பா நிறுத்துட்டேன்போல, பழைய தராசு. நீ ஒன்னும் மனசுல வச்சுக்காத. சாப்பிட்டியா?"

வினுஷா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"மிது, நீ எவ்வளவுன்னு சொன்ன?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"கேக்குறேன்ல?"

"நாலுன்னு."

"எவ்வளவு இருந்துச்சு?"

மிதுனன் ரசக் கிண்ணத்தை இழுத்தான்.

"அவங்க பார்த்தப்புறம் பெட்டியத் திறந்தியா?"

அவன் கரண்டியை எடுத்து ரசம் ஊற்றிக்கொண்டான்.

"நல்லா இருக்கு. அவங்க தராசு மேல பழியப் போட்டுக்கிறாங்க, நீ உக்காந்து ரசம் ஊத்திக்கிற. ஊத்திக்க, ஊத்திக்க."

சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு கணக்கு அவனைத் தடுத்தது. அவன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். மூடிய பெட்டியைத் திறந்து சாமான் வைக்கிறவன் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அப்புறம் எவர் தூக்குவார்? சும்மா இருந்தால் நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். சும்மா இருந்தும் பார்த்தான். அடுத்த நாள் யாரோ அந்தப் போர்வை உருவத்தைப் பொம்மையாக்கிக் குழுவில் விட்டார்கள். 'குழம்பு என்ன புலியக்கா?' என்று ஒருவர். எப்போதும் வாய்க்கு வாய் கொடுக்கிற பூவம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அவர் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று மட்டும் தெரிந்தது.

மிதுனன் அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போனை வாய்க்கருகில் வைத்தான்.

"எல்லாருக்கும் வணக்கம், மிதுனன் பேசுறேன். அந்த வண்டியில இருக்கிற பெட்டி என்னோடது. அக்காகிட்ட நாலு கிலோன்னு சொன்னேன். அவங்க பார்த்துட்டுப் போனப்புறம் நான் திறந்து இன்னும் சாமான் வச்சேன். எடை தெரிஞ்சும் சொல்லல. என் பெட்டியைத் தூக்கிட்டுப் போகத்தான் அவங்க போர்வையப் போர்த்திக்கிட்டு நடந்திருக்காங்க. அதைப் பார்த்து முதல்ல சிரிச்சு இங்க போட்டவனும் நான்தான். தயவுசெஞ்சு அந்தப் பேரைச் சொல்லாதீங்க."

வெகுநேரம் கழித்து, மறுவாரம் சென்னைக்கு ஒரு ஃபிரேம் கொண்டுபோவதாக ஒப்புக்கொண்டிருந்த அப்துல் கையூம் எழுதினார்: 'தம்பி, உங்க பெட்டி என் வீட்டு வாசல்ல இருக்கு. வந்து எடுத்துட்டுப் போயிடுங்க.' அவ்வளவுதான். மிதுனன் போய், தலையைக் குனிந்துகொண்டு எடுத்து வந்தான்.

பூவம்மா திரும்பி வருகிற நாளில், அழைக்காமலே விமான நிலையத்துக்குப் போய் நின்றான். வெளியே வந்த பூவம்மா அவனைப் பார்த்தார்.

"வந்துட்டல்ல, வண்டியத் தள்ளு."

தள்ளினான். கொஞ்ச தூரம் போனதும், "அக்கா..." என்றான்.

"கேட்டேன், குழுவுல நீ பேசினத."

"என் பெட்டியக் கவுண்டர்லயே விட்டுட்டுப் போயிருக்கலாமேக்கா."

"எடுத்துட்டுப் போறேன்னு வாய் திறந்து சொல்லிட்டு? அது உன் பொருள், அதை நான் எப்படி விட முடியும். போர்வை என் பொருள், நான் போர்த்திக்கிட்டேன். பிளேன்ல ஏறினப்புறம் நல்லாத்தான் இருந்துச்சு, ஏர்கான் குளிருக்கு எல்லாரும் நடுங்கினாங்க, நான் குறட்டை விட்டேன்."

மிதுனன் சிரிக்கப் பார்த்தான். பூவம்மா சிரிக்கவில்லை.

"ஆனா தம்பி, நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுப் பசங்க போன்ல அந்த வீடியோவ வச்சுச் சிரிச்சாங்க. அங்க வரைக்கும் போயிருச்சு. எங்கக்கா பார்த்துட்டா. கட்டில்ல விரிச்சிருந்த போர்வைய எடுத்து, மடிச்சு, பீரோ மேல ஏத்திட்டா. அதுக்கப்புறம் எறக்கவே இல்ல."

மிதுனன் வண்டியை இன்னும் மெதுவாகத் தள்ளினான்.

"வீடியோ எடுத்தவன் எவனோ. நம்ம குழுவுல போட்டது நீ."

"ஆமாக்கா."

"ஐஸ் கச்சாங்."

"...ஆமாக்கா."

"சரி, விடு. சோத்துக்கு வா, அதுல எனக்குக் கோவம் கிடையாது. ஆனா உனக்கு இனிமே நான் ஒரு குண்டூசிகூடத் தூக்க மாட்டேன்."

திட்டியிருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும். பூவம்மா திட்டவில்லை.

டாக்ஸியில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, மிதுனன் தன் பையிலிருந்து அந்தக் கொக்கித் தராசை எடுத்து நீட்டினான். "வச்சுக்கங்கக்கா. இனி யாரு எதைக் குடுத்தாலும், நான் உட்பட, நீங்களே மாட்டித் தூக்கிப் பாருங்க." பூவம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது.

இப்போது மிதுனன் இந்தியாவுக்குப் போகிற ஃபிரேம்களைக் கப்பலில்தான் அனுப்புகிறான். ஐந்தாறு சேரும்வரை காத்திருந்து, ஒரே மரப்பெட்டியில் போட்டுச் சரக்கோடு சரக்காக ஏற்றிவிடுகிறான். செலவு குறைவுதான், ஆனால் ஆமை வேகம். வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள், சிலர் வேறு ஆளைப் பார்த்துப் போய்விட்டார்கள். பெட்டியின் நான்கு பக்கமும் உள்ளே இருப்பது என்ன, எடை என்ன என்று பெரிதாக எழுதுகிறான். கப்பல்காரர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

தராசு பூவம்மாவின் கடையில், குழம்புச் சட்டிகளுக்குப் பக்கத்தில், எண் வெளியே தெரிய ஆணியில் தொங்குகிறது. ஊருக்குப் போகிறவர்கள் பையைத் தூக்கி வந்து அதில் நிறுத்துப் பார்க்கிறார்கள். "நல்ல தராசுக்கா, யாரு குடுத்தது?" என்று எவராவது கேட்டால், "ஒரு தம்பி" என்பார் பூவம்மா. மூலை மேசையில் உட்கார்ந்திருக்கிற மிதுனன் பக்கம் திரும்ப மாட்டார். அவன் தட்டை நோக்கி இன்னும் கொஞ்சம் குனிவான். பூவம்மா வந்து, கேட்காமலே அவன் சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போவார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குகிற பெட்டிகள் எல்லாம் சொன்ன கனத்தோடு வந்து சேரட்டும். உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் தலைநிமிர்ந்து போய், தலைநிமிர்ந்து திரும்பட்டும். ஆசையாய் வாங்கிய போர்வை உங்கள் கட்டிலில் விரிந்தே கிடக்கட்டும். உங்கள் அடுப்பும் உங்கள் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கட்டும்.